பென்சிலில் கேட்டவை

“கொஞ்சம் மேலே தூக்கு. இன்னும். அங்கேதான், அப்படியே பிடிச்சுக்கோ” என்றாள் இஷ்பெல்.

ரோனா தாளை இரண்டு கைகளாலும் விரித்துக் கட்டிலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தோராம் பக்கம். தலையணையில் அக்காவின் முகம் இந்த ஒரு வாரத்தில் இன்னும் சின்னதாகியிருந்தது. கண்ணாடி மட்டும் பழைய அளவிலேயே இருந்ததால் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

“என் கை மீன் நாத்தம் அடிக்குதா?” என்று கேட்டாள் ரோனா.

“நாற்றம்” என்றாள் இஷ்பெல், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரி, நாற்றம். அடிக்குதா?”

“அடிக்குது.”

ரோனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பத்தொன்பது வயதாகிறது. கடலோர ஊரான ஆர்ப்ரோத்திலிருந்து விடியற்காலை கிளம்பி டண்டீக்கு வந்து, ஆஸ்பத்திரி குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர்கள் நாள் சொல்வதை நிறுத்திவிட்டு மணி சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அப்படிப்பட்டவள் கேட்டது தண்ணீரோ பாதிரியாரோ அல்ல. “என் பையில் ஒரு கட்டுத் தாள் இருக்கு, எடு” என்றாள்.

அது யாரோ ஒரு மாணவியின் ஆய்வேடு. இஷ்பெலின் வேலையே அதுதான். வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரையும் ஆய்வேடும் எழுத உடனிருந்து உதவுவது. பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு மையம் இருந்தது. முதலில் அதற்கு நல்ல வெளிச்சமான மாடி கொடுத்திருந்தார்கள். பிறகு நூலகத்தின் அடித்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். இஷ்பெல் பேராசிரியர் இல்லை. அவள் வேலையின் பெயர்கூட ரோனாவுக்குச் சரியாகத் தெரியாது. கேட்கிறவர்களிடம் “இங்கிலீஷ் டீச்சர்” என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

“எழுத்தெல்லாம் ஓடுது” என்றாள் இஷ்பெல். “என்னால பிடிக்க முடியலை. நீ படி.”

“நானா?”

“வேறே யார் இருக்கா?”

ரோனா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தான் மீன் விற்கிற வண்டியின் ரசீதுகளையும் உள்ளூர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புகளையும் தவிர அவள் எதையும் வாய்விட்டுப் படித்து வருடக்கணக்காயிற்று. எத்தியோப்பியாவில் ஜிம்மா என்ற ஊரைச் சுற்றிய மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகள் ஏன் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்து சேர்கிறார்கள் என்பதைப் பற்றியது அந்த ஆய்வேடு. நீளமான சொற்களில் நாக்கு தடுக்கியது. தடுக்கிய இடங்களில் எல்லாம் இஷ்பெல் கண்ணை மூடியபடியே சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.

“‘பிரசவத்திற்காகத் தூக்குக் கட்டிலில் கொண்டுவரப்பட்ட பெண்களுள் சிலர், மருத்துவமனையின் வாயிலிலேயே உயிரிழந்தது கவனிக்கப்பட்டது.’”

“நிறுத்து.”

ரோனா நிறுத்தினாள்.

“பென்சில் எடு. ஓரத்திலே எழுது. யார் பார்த்தது?”

“என்ன?”

“அதைத்தான் எழுதணும். யார் பார்த்தது. கேள்விக்குறி போடு.”

ரோனா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். அக்கா சொல்ல அக்காவுக்கு முன்னால் எழுதுவது.

நாற்பது வருடத்துக்கு முன்னால் அவள் இஷ்பெலுக்கு ஒரு கடிதம் எழுதினாள். இஷ்பெல் அப்போது புதிதாக வாத்தியார் வேலை கிடைத்துக் கெய்ரோவில் இருந்தாள். அப்பா நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் எப்படி மூச்சு விடுகிறார், எதைக் கேட்கிறார், தன் பழைய மீன்படகின் பெயரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுகிறார் என்று ரோனா நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். பத்தொன்பது வயது அப்போது. பரீட்சையில் தோற்றுப் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாள். மூன்று வாரம் கழித்து அந்த நான்கு பக்கமும் திரும்பி வந்தன. சிவப்பு மையில் பத்தொன்பது இடங்களில் திருத்தியிருந்தது. கீழே, ‘நல்ல முயற்சி. மறுபடியும் பரீட்சை எழுதும்போது உதவும். அப்பாவுக்கு என் முத்தம்’ என்று எழுதியிருந்தது. அது வந்து சேர்ந்தபோது அப்பாவைப் புதைத்து ஆறு நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ரோனா அக்காவுக்கு ஒரு வரி எழுதவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தில் பெயரை மட்டும் போட்டு அனுப்புவாள். மற்றபடி ஃபோன்தான். அந்தக் கடிதத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை.

பென்சிலை அழுத்தி, ஓரத்தில் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தாள். வாயில் வருகிற மாதிரியே எழுதிவிட்டிருந்தாள். ‘யாரு பாத்தது?’

நல்லவேளையாக இஷ்பெல் பார்க்கவில்லை. “எழுதிட்டியா?” என்றாள்.

“எழுதிட்டேன்.”

“மேலே படி.”

ரோனா படித்தாள். சாலைகளைப் பற்றி, கழுதைகளைப் பற்றி, மழைக்காலத்தில் இடுப்பளவு ஓடும் ஆறுகளைப் பற்றி. தடுக்கியபோது இந்தத் தடவை யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே தட்டுத்தடுமாறித் தாண்டிப் போனாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் நடுவில் நர்ஸ் தேநீரோடு வந்தாள். கோப்பையை வைத்துவிட்டு, குனிந்து இஷ்பெலின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். பிறகு மணிக்கட்டில் வைத்தாள்.

“ரோனா, போதும்மா” என்றாள் மெதுவாக. “நிறுத்திக்கலாம்.”

ரோனா அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள்.

*

ஆஸ்பத்திரியில் ஒரு துணிப்பையில் கண்ணாடி, செருப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. பக்கவாட்டில் மீன் படம் வரைந்த தன் வண்டியை ஓட்டிக்கொண்டு பெர்த் சாலைக்குப் போய், மூன்றாவது மாடியில் அக்காவின் வீட்டைத் திறந்தாள்.

எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ரோனாவின் வீட்டிலும் அப்படித்தான். புருஷன் விட்டுப்போய் இருபத்திரண்டு வருடம். டண்டீக்கும் ஆர்ப்ரோத்துக்கும் நடுவே பதினேழு மைல். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

சேதி சொல்ல வேண்டும் என்று ஃபோனை எடுத்தாள். யாருக்குச் சொல்வது? மாண்ட்ரோஸில் இரண்டு ஒன்றுவிட்ட சகோதரிகள் இருந்தார்கள். அவர்களிடம் சொன்னாள். “அடடா, பாவம். அடக்கம் என்னைக்குன்னு சொல்லு” என்றார்கள். பல்கலைக்கழகத்துக்கு அடித்தாள். எந்தப் பிரிவு வேண்டுமோ அதற்கான எண்ணை அழுத்தச் சொன்னது பதிவு செய்த குரல். அழுத்தினாள். இன்னொரு பட்டியல் சொன்னது. வைத்துவிட்டாள். கீழ்வீட்டுக்காரர் பெத்தூன் எப்படியோ தெரிந்துகொண்டு, கதவுக்கு அடியில் ஓர் அனுதாப அட்டையைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். கதவைத் தட்டவில்லை.

கடைசியில் அந்தத் தாள்கட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். செஹாய் என்ற பெயர் இருந்தது. கீழே பென்சிலில், இஷ்பெலின் கையெழுத்தில், ஃபோன் எண். பக்கத்தில் ‘வெள்ளி, மதியம் 12. தவறக்கூடாது’ என்று இருந்தது.

“நான் இஷ்பெலோட தங்கச்சி பேசறேன்” என்றாள் ரோனா. “இஷ்பெல் இன்னைக்குக் காலையில செத்துப்போயிட்டா. உங்க பேப்பர் என்கிட்ட இருக்கு. நாப்பத்திமூணாவது பக்கம் வரைக்கும் பாத்திருக்கா.”

அந்தப் பக்கம் தெரியாத மொழியில் ஏதோ இரண்டு சொல். பிறகு, “நான் வரேன்” என்றது அந்தக் குரல்.

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தது. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண். கறுப்பு உடை, மேலே வெள்ளைப் பருத்திப் போர்வை. ஒரு கையில் துணி சுற்றிய பாத்திரம். இன்னொரு கையில் பை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது.

“உள்ள வாங்க. பேப்பர் மேசை மேல இருக்கு, எடுத்துக்கோங்க” என்றாள் ரோனா.

செஹாய் மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரத்தைச் சமையலறையில் வைத்தாள். வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரோனா எதிரில் உட்கார்ந்தாள். சுவர்க்கடிகாரம் ஓடியது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

“வேற ஏதாவது வேணுமா, கண்ணு?” என்றாள் ரோனா. வண்டிக்கு வருகிற எல்லாரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“இல்லைங்க. உட்கார வந்தேன்.”

“என்னது?”

“எங்க ஊர்ல ஒருத்தர் இறந்துட்டா, அந்த வீட்டுக்குப் போய் மூணு நாள் உட்காருவோம்.”

“யாரு?”

“எல்லாரும்.”

“மூணு நாளும் என்ன பண்ணுவீங்க?”

செஹாய் யோசித்தாள். “உட்காருவோம்” என்றாள்.

ரோனா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். டே ஆறு ஈயத் தகடு போலக் கிடந்தது. பாலத்தின்மேல் ரயில் ஒன்று போயிற்று. இவளை எப்படி அனுப்புவது என்றுதான் முதலில் யோசித்தாள்.

“வெள்ளிக்கிழமை நீங்க இதைக் குடுக்கணுமில்ல?”

“ஆமா. மதியம் பன்னெண்டு மணி. அதைத் தாண்டினா வாங்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு விமானம். விசாவும் அதோட முடியுது.”

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“இஷ்பெல் பார்க்காதது இருபத்தாறு பக்கம்.”

“அப்ப ஏன் இங்க உக்காந்து நேரத்தை வீணாக்கறீங்க? போய் வேலையைப் பாருங்க.”

“இங்கேயே பார்க்கறேன்” என்றாள் செஹாய். “அடக்கம் எப்போ? இன்னைக்கா, நாளைக்கா?”

“வர்ற மாசம் பத்தாந்தேதி. அதுக்கு முன்னாடி தகனக்கூடத்துல இடமில்லையாம்.”

“இன்னும் பதினாறு நாளா?” செஹாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். “அதுவரைக்கும் நீங்க தனியாவா இருப்பீங்க?”

“நான் எப்பவும் தனியாத்தான் இருக்கேன்” என்றாள் ரோனா. சொன்ன விதம் அவளுக்கே கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டது. “டீ போடவா?” என்றாள்.

“நான் காபி போடறேன்” என்று செஹாய் பையைத் திறந்தாள்.

பச்சைக் காபிக்கொட்டை. அதை இஷ்பெலின் வாணலியில் போட்டு வறுத்தாள். முதலில் புல் வாசனை, அப்புறம் ரொட்டி வாசனை, அப்புறம் கருகுகிற வாசனை. நீலப்புகை சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றியதும் கூரையில் இருந்த நெருப்பு மணி வீறிட்டது. ரோனா நாற்காலியில் ஏறித் துடைப்பக் கட்டையால் அதைக் குத்தினாள். செஹாய் போர்வையால் விசிறினாள். கீழ்வீட்டு பெத்தூன் பைஜாமாவோடு மேலே ஓடி வந்து, “எரியுதா? என்ன எரியுது?” என்றார்.

“காபிதான் பெத்தூன், ஒண்ணுமில்ல. உள்ள வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க.”

“காபியா?” என்று அவர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். “இல்ல, இல்ல. நான் பைஜாமாவில இருக்கேன்” என்று இறங்கிப் போய்விட்டார்.

ரோனா நாற்காலியிலிருந்து இறங்காமலே சிரித்தாள். சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. வேறு ஏதோ ஆகிவிடும் போலிருந்ததால் இருமி அடக்கிக்கொண்டாள்.

*

மதியத்துக்கு மேல் செஹாய் மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ரோனாவுக்கும் ஒரு வேலை இருந்தது. தகனக்கூடத்தில் சடங்கை நடத்தித்தருகிற பெண், “உங்க அக்காவைப் பத்தி அரைப் பக்கம் எழுதிக் கொடுங்க, போதும்” என்று சொல்லியிருந்தாள். மேசையின் இந்தப் பக்கம் ரோனா. அந்தப் பக்கம் செஹாய். நடுவில் காபி.

ரோனா ஒரு மணிநேரத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தாள். செஹாயின் தாள்களில் ஓரமெல்லாம் மெல்லிய பென்சில் எழுத்து. ‘இது உங்கள் கருத்தா, அவருடையதா?’ ‘இதற்கு ஆதாரம்?’ ‘இங்கே என்ன சொல்ல வருகிறீர்கள்?’ ‘இதைப் படிக்கிறவர் ஜிம்மாவைப் பார்த்ததில்லை. சாலை எப்படி இருக்கும்?’

“வெறும் கேள்வியா இருக்கு” என்றாள் ரோனா. “தப்பைத் திருத்த மாட்டாளா?”

“மாட்டாங்க. எங்களுக்கு முதல்ல அதுல கோபம்கூட. திருத்திக் கொடுத்தா சீக்கிரம் முடியுமேன்னு. முதல் வகுப்புலேயே சொல்லிடுவாங்க, யார்கிட்டேயாவது சிவப்புப் பேனா இருந்தா பையில வெச்சுக்கோங்கன்னு. வருஷா வருஷம் புதுசா வர்ற எல்லார்கிட்டேயும் அதே கதையைச் சொல்லுவாங்க.”

“என்ன கதை?”

“வாத்தியார் வேலைக்கு வந்த புதுசுல ஒருத்தர் அவங்களுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினாங்களாம். ‘அதுல பதினேழு தப்பு இருந்ததுன்னு கண்டுபிடிச்சேன். என்ன எழுதியிருந்ததுன்னு கண்டுபிடிக்கலை. அதுக்கப்புறம் அவங்க எனக்கு எழுதவே இல்லை’ம்பாங்க. அவ்வளவுதான். உடனே பாடத்துக்குப் போயிடுவாங்க.”

ரோனா கோப்பையைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

“பத்தொம்பது” என்றாள்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. காபி ஆறுது, குடிங்க.” கொஞ்சம் பொறுத்து, “எழுதினது யாருன்னு யாரும் கேக்கலையா?” என்றாள்.

“ஒரு நைஜீரியாக்காரர் கேட்டார். பதில் சொல்லலை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாங்க. அது அடித்தளம். திறந்தா சைக்கிள் நிறுத்தற இடம்தான் தெரியும்.”

செஹாய் அடுத்த தாளை எடுத்தாள். நாற்பத்தோராம் பக்கம். அதில் ஓரத்தைப் பார்த்துப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“இது அவங்க கையெழுத்து இல்லையே.”

ரோனாவின் காது சூடாயிற்று. “நான்தான். அவ சொன்னா, நான் எழுதினேன். தப்புத்தப்பா இருக்கும். அழிச்சுடுங்க.”

செஹாய் அழிக்கவில்லை. ‘யாரு பாத்தது?’ என்ற அந்த இரண்டு சொல்லை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் அந்த ஆஸ்பத்திரியில பன்னெண்டு வருஷம் பிரசவ நர்ஸா இருந்தேன்” என்றாள் கடைசியில். “மழைக்காலம். ஆறு மணிநேரம் தூக்கிட்டு வந்திருந்தாங்க. வாசல்ல இறக்கி வெச்சாங்க. நான் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன். பதினெட்டு வயசு இருக்கும். தலைமுடியில புதுசா வெண்ணெய் தடவியிருந்தது. யாரோ வீட்டுல தடவிவிட்டு அனுப்பியிருக்காங்க.” நிறுத்தினாள். “‘கவனிக்கப்பட்டது’ன்னு எழுதிட்டேன். அப்படி எழுதினாத்தான் ஆராய்ச்சி மாதிரி இருக்கும்னு நினைச்சேன்.”

“நீங்கதான பாத்தீங்க?”

“நான்தான் பார்த்தேன்.”

“அப்ப அதை எழுதுங்க” என்றாள் ரோனா.

செஹாய் அந்த வரியை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். இடையில் ஒருமுறை போர்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரோனா எழுந்து போய்ப் பாத்திரத்தில் இருந்த பருப்புக் குழம்பைச் சூடு பண்ணினாள்.

மறுநாள் வியாழக்கிழமையும் செஹாய் வந்தாள். ரோனா நகராட்சி அலுவலகத்துக்குப் போய் மரணத்தைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பியபோது அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை ரோனா தன் தாளை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினாள். ஆறு வரி இருந்தது. ‘இஷ்பெல் மிகவும் அன்பானவள். எல்லாருக்கும் உதவுவாள். அவளை யாராலும் மறக்க முடியாது’ என்கிற மாதிரி.

“நீங்கதான் படிச்சவங்க. பாத்துச் சொல்லுங்க.”

செஹாய் மெதுவாகப் படித்தாள். பென்சிலை எடுத்து, ‘மிகவும் அன்பானவள்’ என்பதற்கு எதிரே ஓரத்தில் ஒரு சொல் எழுதி, தாளைத் திருப்பித் தள்ளினாள்.

‘ஆதாரம்?’

“அடிப்பாவி” என்றாள் ரோனா.

“அவங்க இருந்தா அதைத்தான் கேட்பாங்க.”

ரோனா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கசக்கிவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு செஹாய் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். மீன் வண்டியில்தான் போனார்கள். அவள் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வரும்வரை ரோனா வெளியே ஓட்டுநர் இருக்கையில் காத்திருந்தாள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச்சீட்டுக் கொடுத்தார்களாம், வேறொன்றும் சொல்லவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு செஹாய் நின்றாள். ஜிம்மாவில் இரண்டு பிள்ளைகள், மூன்று வருடமாக அம்மாவைப் பார்க்காதவர்கள்.

“அடக்கத்துக்கு இருக்க முடியலையே” என்றாள் நாலாவது தடவையாக.

“போங்க கண்ணு. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்.”

“எனக்கு எழுதுங்க.”

“எனக்கு எழுத வராதே.”

“தெரியும். நான் படிச்சிருக்கேனே” என்று சொல்லி, செஹாய் அவள் கன்னத்தோடு கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மறுபடி இந்தப் பக்கமும் வைத்தாள். ரோனாவை யாரும் அவ்வளவு நேரம் தொட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து திரும்பி மறைந்த பிறகும் அந்த இடத்திலேயே நின்றாள். ஒருவர் வந்து, “நீங்க வரிசையில இருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று நகர்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆர்ப்ரோத்துக்குத் திரும்பினாள். திங்கள் முதல் பழையபடி மீன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். கேட்டவர்களிடம் அக்கா இறந்துவிட்டதாகச் சொன்னாள். “வருத்தமா இருக்கு. அரைக் கிலோ ஹாடக் மீன் கொடு” என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பின்னால் நான்கு பேர் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்?

*

தகனக்கூடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். மாண்ட்ரோஸ் சகோதரிகள் தொப்பியோடு வந்திருந்தார்கள். பெத்தூன் இந்தத் தடவை கோட்டும் டையும் போட்டிருந்தார். இஷ்பெல் வேலை பார்த்த மையத்திலிருந்து மூன்று பேர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி ரோனாவின் கையில் ஒரு தடித்த உறையைக் கொடுத்தாள். “மாணவர்கள்கிட்டேருந்து வந்த மின்னஞ்சல். அச்செடுத்து வெச்சிருக்கேன். அறுபத்திரெண்டு இருக்கு” என்றாள். தாய்லாந்து, பெரு, ஓமான், மங்கோலியா, இன்னும் எங்கெங்கிருந்தோ. அவர்களுக்கு இஷ்பெல் யார் என்பது அந்த உறைக்குள் இருந்தது. ஒரு சடங்குக்கு இருபத்தைந்து நிமிடம்தான். ரோனா உறையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

சடங்கு நடத்துகிற பெண், “நான் வாசிக்கட்டுமா, நீங்களே வாசிக்கறீங்களா?” என்று கிசுகிசுத்தாள்.

“நானே” என்றாள் ரோனா.

முன்னால் போய் நின்று தாளை விரித்தாள். தாளை மேடையின் மரத்தில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டாள். ஊர்ப் பேச்சிலேயேதான் எழுதியிருந்தாள், அப்படியே படித்தாள்.

“எனக்கு அப்ப ஏழு வயசு. இஷ்பெலுக்குப் பன்னெண்டு. பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப பனி முழங்கால் ஒசரம். என் பூட்ஸு பிஞ்சுபோச்சு. அவ தன் பூட்ஸைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டா. அவ காலுறையோட நடந்தா, துறைமுகத்துலருந்து எங்க வீடு வரைக்கும். வழியெல்லாம் எனக்கு வாய்ப்பாடு கேட்டுக்கிட்டே வந்தா. ஏழாம் வாய்ப்பாட்டுல நான் ரெண்டு தப்பு விட்டேன். வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட அவ முதல்ல சொன்னது அந்த ரெண்டு தப்பைத்தான். காலைப் பத்திச் சொல்லல. ராத்திரி அவ கால் நீலமா இருந்துச்சு. நான் பாத்தேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். தாளில் இன்னும் இரண்டு வரி இருந்தன. ரோனா அவற்றைப் பார்த்தாள். தாளை நான்காக மடித்தாள்.

“அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சவப்பெட்டிக்கு முன்னால் திரை மூடியது. வெளியே அடுத்த குடும்பத்தின் கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மாண்ட்ரோஸ் சகோதரிகளுக்கு ரயில் இருந்தது. மையத்துக்காரர்களுக்கு இரண்டு மணிக்கு வகுப்பு. பெத்தூன் கையைக் குலுக்கினார், ஏதோ சொல்ல வந்தார், மறுபடியும் குலுக்கினார்.

ரோனா வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றைக்கு மீன் ஏற்றவில்லை. பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். ஆனாலும் வாசனை இருந்தது. சாவியைத் துளையில் நுழைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தலைக்கு மேலே தகரக் கூரையில் எதுவோ தொப்பென்று வந்து இறங்கியது. கடற்புறா. வாசனைக்கு வந்திருக்கும். தப், தப் என்று முன்னால் நடந்து வந்தது. நின்றது. திரும்பிப் பின்பக்கம் போயிற்று. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் முன்னால் வந்தது. வண்டியைக் கிளப்பினால் அது பறந்துவிடும். ரோனா சாவியைத் திருப்பவில்லை. அது நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.